மேலங்கி அறை

மேடையைப் பார்க்க முடியாத வேலை எனக்கு.
மண்டபத்தின் பின்சுவருக்கு இந்தப் பக்கம்
நூற்றுப் பத்து மேலங்கிகள்,
நூற்றுப் பத்து தகர வில்லைகள்,
ஒரு மடக்கு நாற்காலி, நான்.

வெளியே மானிட்டோபாவின் ஜனவரி,
சுழியத்துக்கு இருபத்தாறு கீழே.
கதவு திறக்கும்போதெல்லாம் அது
டிக்கெட் வாங்காமல் உள்ளே வந்தது.

கைபேசிகளை அங்கியிலேயே விட்டுவிடுங்கள்
என்று அட்டையில் எழுதி மாட்டியவள் ஸ்வெனிஸ்லாவா,
பந்தூரா வாசிக்கிறவள்.
இரண்டு மணி நேரம், இரண்டே மணி நேரம்,
வேறெதையாவது கேட்போம் என்றாள்.
விட்டுத்தான் போனார்கள்.
கைக்குழந்தையை முதன்முதலாக
அடுத்த வீட்டில் விடுகிறவர்கள்போல
வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தார்கள்.

என் முப்பாட்டன் கோதுமைக்காக வந்தவன்.
எனக்குத் தெரிந்த உக்ரேனியம் சாப்பாட்டு மேசையோடு சரி:
உப்பை எடு, இன்னும் கொஞ்சம், போதும்.
சுவர் வழியே வந்ததில்
பாதிதான் புரிந்தது.

பந்தூரா புரிந்தது.
அறுபது தந்திகளில் ஒன்று
ஹீட்டர் சூட்டில் சுருதி இறங்கிப்போயிருந்தது.
பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுவதுபோல்
ஒவ்வொரு முறையும் அதைத்
தொட்டுவிட்டுத்தான் போனாள்.

நடைவழியில் வசிலினாவின் ஓவியங்கள்.
எல்லாம் ஜன்னல்கள்.
கண்ணாடி இருந்த இடத்தில் ஒட்டுப்பலகை.
பலகையின் ரேகைகளையும் ஆணித் தலைகளையும்
அவசரமே இல்லாமல் வரைந்திருந்தாள்.
ஒன்றின் கீழே விலை எழுதி, அடித்து,
குறைத்து எழுதி, அதையும் அடித்து,
‘பாதி ஜெனரேட்டர்’ என்றிருந்தது.

பிறகு யாரெமா வாசிக்க எழுந்தான்.
பகலில் டிராக்டர் பழுதுபார்க்கிறவன்.
தொண்டையைச் செருமியதுகூடக் கேட்டது.
“எங்கள் தெருவுக்குப் பேருந்து இன்னும் வருகிறது.
நிறுத்தம்தான் இல்லை…”

அப்போது அலறியது.
ஒன்றல்ல.
பதினான்கு, முப்பத்தொன்று, முப்பத்திரண்டு,
எண்பதுகளில் எங்கோ ஒன்று.
கம்பளிக்குள்ளிருந்து, பஞ்சுக்குள்ளிருந்து,
செத்த ஆட்டின் ரோமத்துக்குள்ளிருந்து
ஒரே நேரத்தில் ஒரே ஊளை.
சூமி வட்டாரம்.
அங்கே விடிகாலை மூன்றே முக்கால்.

ஒவ்வோர் அங்கியாக அணைத்தேன்.
ஊளை அணையவில்லை.
பைகளில் கைவிட்டுத் துழாவினேன்:
ஒரு சாவி, ஒரு பாதிச் சூயிங்கம்,
நாலாய் மடித்த மருந்துச் சீட்டு.
யாரெமாவின் குரல் சுவருக்கு அப்பால்
நடந்துகொண்டே இருந்தது.

கதவுப் பிடிவரை போனேன்.
சொன்னால் என்ன ஆகும்?
இங்கிருந்து ஓடிப் பதுங்க நிலவறை இல்லை.
சொல்லாமல் இருக்க நான் யார்?
கை பிடியிலேயே இருந்தது.
அதற்குள் கைதட்டிவிட்டார்கள்.

ஒன்பது மணிக்கு வில்லைகள் திரும்பின.
“ஏதாவது?” என்றான் யாரெமா.
“அடித்தது. எட்டரைக்கு நின்றுவிட்டது.”
மழை வந்துபோனதைக் கேட்டவன்போலத்
தலையை ஆட்டினான்.
கையுறையை மாட்டினான்.
கழற்றினான்.
மறுபடி மாட்டினான்.

வசிலினா வில்லையை நீட்டவில்லை.
உள்ளே வந்து, பையிலிருந்து
கைபேசியை மட்டும் பிடுங்கிக்கொண்டு போனாள்.
வரிசை தீர்ந்தபோது
கொக்கியில் முப்பத்திரண்டு தொங்கியது.

எடுத்துக்கொண்டு ஓடினேன்.
வண்டிகளுக்கு நடுவே, விளக்குக் கம்பத்தடியில்
நின்றிருந்தாள், மெல்லிய சட்டையோடு.
எதிர்முனையில் மணி போய்க்கொண்டிருந்தது,
நீளமாக, ஒற்றையாக, விட்டு விட்டு.
எனக்கே கேட்டது.

தோளில் போட்டேன்.
திரும்பவில்லை அவள்.
இடக்கையை நுழைத்தாள்.
வலக்காதிலிருந்து இடக்காதுக்கு
ஒரு மணியும் சிந்தாமல் மாற்றினாள்.
வலக்கையை நுழைத்தாள்.

பொத்தான்களை நான் போட்டேன்,
கீழிருந்து மேலாக.
கழுத்துப் பொத்தான் மட்டும்
துளைக்குள் போக மறுத்தது.